லெமன் ட்விக்ஸ் சகோதரர்களின் ஏழு அங்குல சிங்கிள்: தட்டில் கேட்பதால் உண்மையில் என்ன கிடைக்கிறது?

தட்டுப்பிரியன் (கேள்வி)

வணக்கம். நியூயார்க் நகருக்குக் கிழக்கே உள்ள லாங் ஐலண்டில் வளர்ந்த பிரையன் டடாரியோ, மைக்கேல் டடாரியோ என்ற சகோதரர்கள் நடத்தும் லெமன் ட்விக்ஸ் இசைக்குழுவைச் சில ஆண்டுகளாகத் தொடர்ந்து கேட்டு வருகிறேன். 2016-இல் வந்த முதல் ஆல்பமும், பிள்ளையாக வளர்க்கப்பட்டுப் பள்ளிக்கு அனுப்பப்படும் ஒரு சிம்பன்சியின் கதையைச் சொல்லும் 2018-ஆம் ஆண்டின் ஆல்பமும் அவர்களின் திறமையைக் காட்டினவே தவிர என் மனத்தில் தங்கவில்லை. ஆனால் கேப்சர்ட் டிராக்ஸ் என்ற இசை வெளியீட்டு நிறுவனத்துக்கு வந்த பிறகு, 2023 மே மாதத்திலும் 2024 மே மாதத்திலும் அவர்கள் வெளியிட்ட இரு ஆல்பங்களை என்னால் விடவே முடியவில்லை. கணீரென்று ஒலிக்கும் கிடாரும், உடன்பிறந்தவர்களுக்கே வாய்க்கும் கூட்டுக்குரலும், சொல்ல வந்ததைச் சொல்லிவிட்டு நின்றுவிடும் சிறிய பாடல் வடிவமும் சேர்ந்து 1965, 1966 ஆகிய ஆண்டுகளின் பாப் இசையை இன்றைய பாடலாகவே என் முன் வைக்கின்றன.

இப்போது அவர்களுடைய இரு பாடல்கள் அடங்கிய ஏழு அங்குல வைனில் இசைத்தட்டை, அதாவது சிங்கிள் ஒன்றை, வாங்க எண்ணியிருக்கிறேன். பக்கத்துக்கு ஒரு பாடல்தான். தட்டின் விலையையும் அஞ்சல் செலவையும் கூட்டிப் பார்த்தால், அதே தொகையில் இன்னும் சிறிது சேர்த்து ஒரு முழு ஆல்பத்தையே வாங்கிவிடலாம் என்று தெரிகிறது. அதே பாடல்கள் கைப்பேசியிலும் கிடைக்கின்றன. ஆகவே பணம் கொடுப்பதற்கு முன் சிலவற்றைத் தெளிவாக அறிந்துகொள்ள விரும்புகிறேன்.

இந்த வகை இசைக்கு, குறிப்பாக அந்தக் கணீர்க் கிடாருக்கு, நிமிடத்துக்கு 45 சுற்று ஓடும் ஏழு அங்குலத் தட்டு உண்மையிலேயே பொருத்தமானதா, அல்லது பழைய நாள்களின் மீதுள்ள பற்றினால் மட்டும் அப்படிச் சொல்கிறார்களா? என்னிடம் பெல்ட்டில் இயங்கும் நடுத்தர விலை டர்ன்டேபிள் ஒன்று உள்ளது. அதில் இருப்பது சாதாரணக் கூம்பு முனை ஊசி. எங்கள் வீட்டில் தாத்தா காலத்துத் தமிழ்த் திரைப்பாடல் இ.பி. தட்டுகள் சில இருக்கின்றன. அவையும் ஏழு அங்குலம், 45 சுற்றுத் தட்டுகள்தாம். ஆனால் அவற்றின் ஒலி நீள்தட்டின் (முழு ஆல்பம் அடங்கும் பன்னிரண்டு அங்குல, 33 சுற்று எல்.பி. தட்டின்) ஒலியைவிடச் சன்னமாகவே இருக்கிறது. 45 சுற்றுத் தட்டு உரக்கவும் தெளிவாகவும் ஒலிக்கும் என்று எல்லோரும் எழுதுவதை நான் படித்திருப்பதால், இது எனக்குப் புரியாத புதிராகவே உள்ளது. விவரம் அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பன்னிரு கம்பி (மறுமொழி)

தட்டைப் பற்றி மற்றவர்கள் என்னைவிட நன்றாகச் சொல்வார்கள். நான் அந்தக் கிடார் ஒலியைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். அந்த ஒலி எப்படி உருவானது என்று தெரிந்தால், உங்கள் முதல் கேள்விக்குப் பாதி விடை கிடைத்துவிடும்.

1964 பிப்ரவரியில் பீட்டில்ஸ் குழுவினர் முதன்முறையாக நியூயார்க் வந்திறங்கியபோது, கலிஃபோர்னியாவின் ரிக்கன்பேக்கர் நிறுவனத்தார் புதிதாகச் செய்திருந்த 12 கம்பி மின்கிடார் ஒன்றை எடுத்துக்கொண்டு அவர்களைப் பார்க்கச் சென்றார்கள். தொண்டைக் கட்டால் விடுதியறையில் படுத்திருந்த ஜார்ஜ் ஹாரிசனிடம் அந்தக் கிடார் போய்ச் சேர்ந்தது. அதே ஆண்டில் வந்த பீட்டில்ஸ் திரைப்படத்தில் அதன் ஒலியைக் கேட்டும் அதன் உருவத்தைத் திரையில் பார்த்தும் தனக்கும் ஒன்று வாங்கிக்கொண்டவர், லாஸ் ஏஞ்சலஸில் பேர்ட்ஸ் என்ற குழுவைத் தொடங்கியிருந்த ரோஜர் மெக்வின். 1965 ஜனவரியில் அக்குழு கொலம்பியா நிறுவனத்துக்காகப் பதிவு செய்த முதல் சிங்கிளில், குழுவினர் ஐவரில் கருவி வாசித்தவர் அவர் ஒருவரே. மற்ற கருவிகளை ஸ்டூடியோக் கலைஞர்கள் வாசித்தார்கள். பாப் டிலனின் பாடலான அது அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் முதலிடத்தைப் பிடித்தது. அதன் தொடக்கத்தில் சில நொடிகள் மட்டும் தனித்து ஒலிக்கும் அந்தக் கிடாரிலிருந்துதான் இன்று ஜாங்கிள் பாப் என்று அழைக்கப்படும் வகை முழுவதும் கிளைத்தது என்பது என் உறுதியான கருத்து.

12 கம்பிக் கிடாரில் கம்பிகள் ஆறு இணைகளாக இருக்கும். மேல்சுரம் தரும் மெல்லிய இரண்டு இணைகளிலும் இரு கம்பிகளும் ஒரே சுரத்தில் சேர்க்கப்பட்டிருக்கும். மற்ற நான்கு இணைகளில் தடித்த கம்பி ஒன்றும், அதற்கு ஒரு ஸ்தாயி மேலே ஒலிக்கும் மெல்லிய கம்பி ஒன்றும் இருக்கும். மற்ற நிறுவனங்களின் கிடார்களில் கையைக் கீழ்நோக்கி மீட்டும்போது மெல்லிய கம்பி முதலில் அடிபடும். ரிக்கன்பேக்கரில் இந்த வரிசையை மாற்றி வைத்தார்கள். அதில் தடித்த கம்பி முதலில் ஒலித்து, நொடியின் மிகச் சிறிய பகுதிக்குப் பின் மேல்ஸ்தாயி வந்து சேரும். அடிச்சுரத்தின் மீது ஒரு மினுமினுப்பு பூத்து எழுவது போன்ற உணர்வு இதனால் உண்டாகிறது. தம்புராவின் தந்திகள் ஒன்றன் மீது ஒன்றாகக் கார்வை கொடுத்து நிற்பதைக் கேட்டுப் பழகிய காதுக்கு, இணைக் கம்பிகளின் இந்த உறவு உடனே பிடிபடும்.

ஆனால் கிடார் மட்டும் போதாது. இந்தக் கருவியில் மீட்டிய சுரம் விரைவாகத் தேய்ந்துவிடும். கொலம்பியாவின் ஒலிப்பதிவுப் பொறியாளர் அந்தக் கிடாரின் ஒலியைக் கம்ப்ரெஸர் கருவியின் வழியாக மிகக் கடுமையாக அழுத்தினார். மீட்டும் கணத்தின் கூர்மையான வீச்சை அக்கருவி அமுக்கிவிட்டு, பின்னால் தேயும் வாலை மேலே தூக்கிப் பிடிக்கும். எனவே ஒவ்வொரு சுரமும் அடுத்த சுரம் வந்த பிறகும் நீடித்து ஒலிக்கிறது. மெக்வின் ஐந்து கம்பி பாஞ்சோவில் கற்ற விரல்நடையை, கட்டை விரலுக்கும் சுட்டு விரலுக்கும் இடையே தட்டை மீட்டுகோலும் அடுத்த இரு விரல்களில் உலோக நகங்களுமாக, இந்தக் கிடாருக்குக் கொண்டுவந்தார். நீடிக்கும் சுரமும் உருண்டோடும் விரல்நடையும் சேர்ந்ததுதான் நீங்கள் கேட்கும் கணீர் ஒலி.

இதில் உங்கள் கேள்விக்கு நேராகத் தொடர்புடைய செய்தி ஒன்று உண்டு. அந்த ஒலியைக் கேட்டவர்கள் அதை எதில் கேட்டார்கள்? மத்திய அலை வானொலியிலும், காரில் இருந்த ஒற்றை ஒலிபெருக்கியிலும், பதின்ம வயதினரின் அறையில் இருந்த சிறிய பெட்டி ரெக்கார்ட் பிளேயரிலும் கேட்டார்கள். கீழ்ச்சுரங்கள் சரியாக வராத அந்தக் கருவிகளில் குரலுக்கு மேலே எழுந்து காதைத் தொட வல்லது இந்த மேல்சுர மினுமினுப்பு. எல்லா ஒலியும் ஒரே தடத்தில், மோனோவில், அடர்ந்து வந்தது. ஆக, சிங்கிளுக்காகவே செய்யப்பட்ட ஒலி இது என்று சொல்வதில் மிகை ஏதுமில்லை. லெமன் ட்விக்ஸ் சகோதரர்கள் அந்த நாள்களின் பாடல் கட்டுமானத்தை மேலோட்டமாகப் பார்த்து எழுதுபவர்கள் அல்லர். தந்தை ரானி டடாரியோவும் பாடலாசிரியராக இருந்த வீட்டில் வளர்ந்தவர்கள் அவர்கள். அடுத்த முறை கேட்கும்போது, குரல்கள் நுழையும் இடத்தில் கிடார் எவ்வளவு மெலிதாகத் தன்னை ஒதுக்கிக்கொள்கிறது, வரி முடிந்ததும் எப்படி மீண்டும் முன்னால் வருகிறது என்பதை மட்டும் கவனித்துப் பாருங்கள். இந்தக் கணக்கைத் தெரிந்துகொண்டு பாடல் செய்பவர்கள் இன்று மிகச் சிலரே.

ஊசிமுனை (மறுமொழி)

கிடாரின் கதையைப் பன்னிரு கம்பி அழகாக எழுதிவிட்டார். நான் தட்டின் கணக்கை எழுதுகிறேன். உங்கள் தாத்தாவின் இ.பி. தட்டுகள் ஏன் சன்னமாக ஒலிக்கின்றன என்பதும் இதிலேயே விளங்கிவிடும்.

ஏழு அங்குலத் தட்டில் பாடல் தொடங்கும் வெளி வட்டத்தின் விட்டம் ஏறத்தாழ 168 மில்லிமீட்டர். பாடல் எந்த வட்டத்துக்குள் முடிந்தாக வேண்டுமோ அதன் விட்டம் ஏறத்தாழ 108 மில்லிமீட்டர். அதாவது பள்ளம் வெட்டுவதற்குக் கிடைக்கும் பட்டையின் அகலம் 30 மில்லிமீட்டர்தான். இரண்டரை நிமிடப் பாடலுக்குத் தட்டு சுமார் 112 சுற்றுகள் சுற்றும். பட்டை முழுவதையும் பயன்படுத்தினால், ஒரு சுற்றுக்கும் அடுத்த சுற்றுக்கும் இடையே கால் மில்லிமீட்டருக்குச் சற்று அதிகமான இடம் கிடைக்கிறது. பக்கத்துக்கு 20 நிமிடம் ஓடும் நீள்தட்டில் இந்த இடைவெளி 0.13 மில்லிமீட்டர் அளவுதான். பள்ளம் இடமும் வலமும் வளைந்து ஆடுவதுதான் ஒலி என்பதால், இடைவெளி இரு மடங்காக இருந்தால் அந்த ஆட்டத்தைப் பெரிதாக வெட்டலாம். 45 சுற்று சிங்கிள் உரக்க ஒலிக்கிறது என்று சொல்வதன் அடிப்படை இதுவே. உரக்க வெட்டிய பள்ளத்தில் தூசியின் கரகரப்பும் ஒப்பீட்டளவில் அமுங்கிவிடும்.

இப்போது உங்கள் இ.பி. தட்டுக்கு வாருங்கள். அதில் பக்கத்துக்கு இரண்டு திரைப்பாடல்கள் இருக்கும். இரண்டும் சேர்ந்து ஆறரை நிமிடம் என்று வைத்துக்கொண்டால், அதே 30 மில்லிமீட்டர் பட்டைக்குள் 290 சுற்றுகளுக்கு மேல் அடக்கியாக வேண்டும். ஒரு சுற்றுக்கு 0.1 மில்லிமீட்டர்தான் கிடைக்கும், அது நீள்தட்டைவிடவும் நெருக்கம். அதனால் ஒலியின் அளவைக் குறைத்து வெட்டுவதைத் தவிரப் பொறியாளருக்கு வேறு வழியில்லை. உங்கள் தட்டும் சரி, உங்கள் காதும் சரி. பக்கத்துக்கு ஒரு பாடல் என்ற சிங்கிளும் பக்கத்துக்கு இரண்டு பாடல் என்ற இ.பி.யும் ஒரே அளவுத் தட்டாக இருந்தாலும் ஒலியில் இரு வேறு பொருள்கள்.

அடுத்து வேகம். 45 சுற்று என்றதும் ஊசியின் கீழே பள்ளம் எப்போதும் வேகமாக ஓடும் என்று பலர் நினைக்கிறார்கள். கணக்குப் போட்டால் வேறு விதமாக வருகிறது. நீள்தட்டின் தொடக்கத்தில் பள்ளம் நொடிக்கு ஏறத்தாழ 51 சென்டிமீட்டர் ஓடுகிறது, பக்கத்தின் முடிவில் அது 21 ஆகக் குறைகிறது. ஏழு அங்குலத் தட்டில் தொடக்கத்தில் 40, கடைசி எல்லையில் 25. அதாவது நீள்தட்டின் முதல் பாடல் சிங்கிளைவிடச் சிறந்த இடத்தில் அமர்ந்திருக்கிறது, கடைசிப் பாடல் சிங்கிளைவிட மோசமான இடத்தில் அமர்ந்திருக்கிறது. சிங்கிளின் உண்மையான நன்மை, அதில் படுமோசமான இடம் என்று ஒன்று இல்லாததுதான்.

கணீர்க் கிடாருக்கு இது ஏன் முக்கியம் என்றால், அதன் மினுமினுப்பு முழுவதும் மேல் அதிர்வெண்களில் இருக்கிறது. 10,000 ஹெர்ட்ஸ் ஒலியின் ஓர் அலை, நொடிக்கு 25 சென்டிமீட்டர் ஓடும் பள்ளத்தில் 25 மைக்ரான் நீளம்தான் இருக்கும். உங்களுடைய கூம்பு முனை ஊசியின் ஆரம் பொதுவாக 15 முதல் 18 மைக்ரான் வரை. இவ்வளவு பருத்த முனை அவ்வளவு சிறிய வளைவுக்குள் இறங்கிப் போக முடியாது, மேலோடு உரசிக்கொண்டு போகும். 'ஸ', 'ச' ஒலிகள் சீறுவதும், கிடாரின் மினுமினுப்பு மங்கி மணல் கொட்டுவது போலக் கேட்பதும் இதனால்தான். நீள்வட்ட முனை ஊசியில் பக்கவாட்டு ஆரம் 8 மைக்ரானுக்கு அருகில் இருக்கும். அது அந்த வளைவுகளைப் பெருமளவு சரியாகத் தொடர்ந்து செல்லும். நீங்கள் சிங்கிளுக்குச் செலவழிக்கப் போகும் தொகையை ஒத்த செலவில், ஊசியைத் தாங்கும் உங்கள் காட்ரிட்ஜுக்குப் பொருந்தும் நீள்வட்ட ஊசி கிடைக்கிறதா என்று முதலில் பாருங்கள். இந்த இசையைத் தட்டில் கேட்க விரும்பும் எவருக்கும் நான் சொல்லும் முதல் அறிவுரை அதுதான்.

பாடல் சிறியதாக இருப்பதில் இன்னொரு நன்மையும் உண்டு. பொறியாளர் பட்டை முழுவதையும் பயன்படுத்தாமல், சுற்றுக்கு 0.2 மில்லிமீட்டர் என்று சற்று நெருக்கி வெட்டினால், இரண்டரை நிமிடப் பாடல் 123 மில்லிமீட்டர் விட்டத்திலேயே முடிந்துவிடும். அங்கே வேகம் நொடிக்கு 29 சென்டிமீட்டர். சிறிது உரப்பை விட்டுக்கொடுத்து, முடிவு வரைக்கும் தெளிவைக் காப்பாற்றலாம். கையில் வாங்கிய தட்டில் லேபிளுக்கும் கடைசிப் பள்ளத்துக்கும் இடையே பளபளப்பான வெற்றுப் பட்டை அகலமாக இருந்தால், வெட்டியவர் இதைக் கருதியிருக்கிறார் என்று கொள்ளலாம். நான் எந்தச் சிங்கிளைக் கையில் எடுத்தாலும் விளக்கின் கீழ்ச் சாய்த்துப் பார்ப்பது இந்தப் பட்டையைத்தான்.

கடைசித்தடம் (மறுமொழி)

மேலே எழுதியவர்களின் கணக்கை நான் மறுக்கவில்லை, ஆனால் கேள்வி கேட்டவர் ஒன்றை மறந்துவிடக் கூடாது. இன்று வெளிவரும் பெரும்பாலான தட்டுகள் டிஜிட்டல் கோப்பிலிருந்தே வெட்டப்படுகின்றன. கோப்பில் இல்லாத எதையும் வைனில் புதிதாகத் தந்துவிடாது. மேல் அதிர்வெண்களில் வைனிலின் எல்லைகளை ஊசிமுனை அவர்களே விளக்கியிருக்கிறார், கைப்பேசியில் வரும் கோப்புக்கு அந்த எல்லைகள் இல்லை. ஒலித் தெளிவு மட்டுமே நோக்கம் என்றால் நல்ல ஹெட்ஃபோன் ஒன்று வாங்குவது மேல். தட்டை வாங்குவதற்கு வேறு நியாயமான காரணங்கள் இருக்கின்றன. அவற்றை நேராகச் சொல்வதே கேட்பவருக்கு உதவும் என்று நினைக்கிறேன்.

இசைக்கிடங்கு (மறுமொழி)

கடைசித்தடம் அவர்கள் குறிப்பிடும் அந்த வேறு காரணங்களைப் பற்றி எழுத விரும்புகிறேன். இந்த வகை இசைக்கும் ஏழு அங்குலத் தட்டுக்கும் உள்ள உறவில் அறுபதுகள் பாதிதான். மறுபாதி 1980-ஐ ஒட்டித் தொடங்கியது.

பேர்ட்ஸ் காலத்தில் சிங்கிளை வெளியிட்டவை பெருநிறுவனங்கள். ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் 1979-இல் ஆலன் ஹார்ன் தொடங்கிய போஸ்ட்கார்ட் நிறுவனம் ஆரஞ்சு ஜூஸ் குழுவின் சிங்கிள்களை வெளியிட்டபோதுதான், அந்தக் கணீர்க் கிடார் எந்தப் பெருநிறுவனத்தின் துணையும் இல்லாத இளைஞர்களின் கைக்கு வந்தது. உலகத்தின் மறுகோடியில் நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச் நகரில் ரோஜர் ஷெப்பர்ட் 1981-இல் ஃப்ளையிங் நன் நிறுவனத்தைத் தொடங்கினார். அங்கே கிளீன் என்ற குழு மிகக் குறைந்த செலவில் பதிவு செய்த ஒரு சிங்கிள், நாட்டின் விற்பனைப் பட்டியலில் முதல் இருபது இடங்களுக்குள் நுழைந்தது. ஆல்பம் எடுக்கும் அளவுக்குப் பணமோ நேரமோ இல்லாதவர்களுக்கு இரண்டு பாடல்கள் போதும், அந்த இரண்டும் நன்றாக இருந்தால் போதும் என்ற நம்பிக்கையை அது விதைத்தது.

இவை எல்லாவற்றிலும் எனக்கு மிக நெருக்கமானது இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் கிளேர் வாட், மேட் ஹெய்ன்ஸ் என்ற இருவர் 1987 முதல் 1995 வரை நடத்திய சாரா ரெக்கார்ட்ஸ். ஏழு அங்குல சிங்கிளை அவர்கள் ஒரு கொள்கையாகவே கைக்கொண்டார்கள். சிங்கிளில் வந்த பாடலை மீண்டும் ஆல்பத்தில் வைத்து, ஒரே பாடலை ஒரே ரசிகரிடம் இரு முறை விற்பது அவர்களுக்கு ஒவ்வாத செயல். நூறாவது வெளியீட்டை எட்டியதும், நலிந்துபோய் அல்ல, நிறைவடைந்துவிட்டது என்று கருதியே நிறுவனத்தை முடித்துக்கொண்டார்கள்.

உங்களுக்கு நான் சொல்லும் அறிவுரையும் இதிலிருந்து வருவதுதான். நீங்கள் வாங்க எண்ணும் சிங்கிளின் இரு பாடல்களும் ஏற்கெனவே ஆல்பத்தில் இருந்தால், ஆல்பத்தையே வாங்குங்கள். ஒன்றாவது வேறெங்கும் தட்டில் வராத பாடலாக இருந்தால், சிங்கிளைத் தள்ளிப் போடாதீர்கள். சிறு நிறுவனங்கள் ஏழு அங்குலத் தட்டைக் குறைந்த எண்ணிக்கையிலேயே அச்சிடுகின்றன, தீர்ந்த பிறகு பெரும்பாலும் மறுபதிப்புச் செய்வதில்லை. பிறகு இரண்டாம் கை விற்பனையில் பல மடங்கு விலை கொடுக்க நேரிடும்.

இரண்டாம் பக்கத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. வானொலிக்கு அனுப்பும் முகம் முதல் பக்கம். இரண்டாம் பக்கத்தில்தான் கலைஞர்கள் தங்களுக்குப் பிடித்ததை, யாருடைய அனுமதியையும் எதிர்பாராமல் வைத்தார்கள். இருவர் குழு ஒன்றில் இது இன்னும் சுவையானது, ஏனென்றால் முன்பக்கம் ஒருவர் எழுதியதாகவும் பின்பக்கம் மற்றவர் எழுதியதாகவும் அமைய வாய்ப்புண்டு. டடாரியோ சகோதரர்கள் தனித்தனியே பாடல் எழுதுபவர்கள். மேடையிலும் கிடாரையும் டிரம்ஸையும் தங்களுக்குள் மாற்றிக்கொள்பவர்கள். இருவருடைய இயல்புகளும் ஒரே தட்டின் இரு பக்கங்களில் எதிரெதிரே நிற்பதைக் கேட்பது, பன்னிரண்டு பாடல்களுக்கு நடுவே அவற்றைத் தேடுவதைவிட வேறான அனுபவம். கைப்பேசியில் அந்த இரு பாடல்களும் முடிந்ததும் அடுத்தது தானாக ஓடத் தொடங்கிவிடும். தட்டில் எழுந்து சென்று புரட்டிப் போட வேண்டும். பாடல் எங்கே முடிகிறது என்பதை நான் உண்மையாகக் கேட்பது அப்போதுதான்.

தட்டுப்பிரியன்

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. இ.பி. தட்டின் புதிர் இவ்வளவு எளிய கணக்கில் விடுபடும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. தாத்தாவின் தட்டு ஒன்றை எடுத்துக் கடிகாரத்தை வைத்துப் பார்த்தேன், ஒரு பக்கம் ஆறு நிமிடத்தைத் தாண்டுகிறது. ஊசியை மாற்றுவதென்றும் முடிவு செய்துவிட்டேன்.

மேலும் ஒன்று கேட்க வேண்டும். சில சிங்கிள்களில் நடுவில் பெரிய துளை இருப்பதைப் படங்களில் பார்க்கிறேன். அதற்குத் தனி அடாப்டர் வேண்டும் என்கிறார்கள். அதனால் ஒலியில் ஏதேனும் குறை வருமா? புதியதோடு சேர்த்து, அறுபதுகளின் அசல் அமெரிக்க சிங்கிள் ஒன்றையும் வாங்கி ஒப்பிட்டுக் கேட்கலாமா என்ற ஆசையும் எழுந்திருக்கிறது.

ஊசிமுனை (மறுமொழி)

முதலில் கடைசித்தடம் அவர்களுக்கு ஒரு சொல். கோப்பில் இல்லாததை வைனில் தராது என்பது முழுக்க உண்மை. ஆனால் இணையத்தில் கேட்கும் கோப்பும் தட்டு வெட்ட அனுப்பும் கோப்பும் எப்போதும் ஒன்றாக இருப்பதில்லை. தட்டுக்கென்று தனியாக மாஸ்டரிங் (வெளியீட்டுக்கு முன் ஒலியைச் சீராக்கும் இறுதி வேலை) செய்யும்போது, உரப்பை ஏற்றுவதற்காக ஒலியின் உச்சங்களை நசுக்கும் வேலையைக் குறைத்தே செய்கிறார்கள். அப்படி நசுக்கிய ஒலி வெட்டுக்கருவியில் நன்றாக வராது என்பதும் அதற்கு ஒரு காரணம். எனவே வேறுபாடு கேட்டால் அது பெரும்பாலும் மாஸ்டரிங்கின் வேறுபாடு. அதனால் சிங்கிளை வாங்கும்போது உறையிலோ, லேபிளை ஒட்டிய வெற்றுப் பட்டையில் கையால் கீறப்பட்ட குறிகளிலோ வெட்டியவரின் பெயரோ முத்திரையோ இருக்கிறதா என்று பாருங்கள். தன் பெயரைப் பதிக்கும் பொறியாளர் பொதுவாகக் கவனமாக வேலை செய்தவராக இருப்பார்.

பெரிய துளை 38 மில்லிமீட்டர் விட்டம் உடையது. ஆர்.சி.ஏ. விக்டர் நிறுவனம் 1949-இல் 45 சுற்றுத் தட்டை அறிமுகம் செய்தபோது, தட்டுகளை அடுக்கி வைத்து ஒன்றன்பின் ஒன்றாகத் தானே இறக்கிப் போடும் கருவியின் பருத்த தண்டுக்கு ஏற்றதாக இந்தத் துளையை வைத்தார்கள். ஒலிக்கும் அதற்கும் நேரடித் தொடர்பு இல்லை. ஆனால் அடாப்டர் தளர்வாக இருந்தால் தட்டு மையத்திலிருந்து விலகி அமரும். பாடல் ஓடும் இடத்தில் ஆரம் 60 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொண்டால், அரை மில்லிமீட்டர் விலகல் சுருதியை இரு புறமும் 0.8 சதவீதத்துக்கு மேல் அசைத்துவிடும். பேச்சிலோ டிரம்ஸிலோ அது தெரியாது. பன்னிரண்டு கம்பிகள் கார்வை கொடுத்து நிற்கும் ஒரு கிடார் மீட்டலில் அது நன்றாகவே தெரியும். ஆகவே பிளாஸ்டிக் சிலந்தி வடிவ அடாப்டரைத் தவிர்த்து, இறுக்கமாகப் பொருந்தும் உலோக அடாப்டர் ஒன்றை வாங்குங்கள். தட்டு ஓடும்போது ஊசிக்கையை நேர் எதிரே நின்று பாருங்கள். அது ஒவ்வொரு சுற்றிலும் இடமும் வலமும் ஆடினால், தட்டை எடுத்து அடாப்டருக்கும் துளைக்கும் உள்ள சிறு இடைவெளியில் சற்று நகர்த்தி மீண்டும் வையுங்கள். சிறு துளைத் தட்டில் இப்படிச் சரிசெய்ய வழியில்லை, பெருந்துளையில் உண்டு.

அசல் சிங்கிளைப் பொறுத்தவரை ஓர் எச்சரிக்கை. அறுபதுகளில் அமெரிக்க ஆலைகள் பல, ஏழு அங்குலத் தட்டுகளை வைனிலில் அழுத்தாமல் பாலிஸ்டைரீன் என்ற வேறொரு பிளாஸ்டிக்கை அச்சில் செலுத்தி வார்த்தன. செலவும் நேரமும் அதில் குறைவு. புதிதாக இருக்கும்போது அதன் ஒலி மிக நன்றாகவே இருக்கும். ஆனால் தேய்ந்த ஊசி சில முறை ஓடினாலே மேல்சுரங்கள் அழிந்துவிடும், அந்தச் சேதம் கண்ணுக்கும் தெரியாது. விரல் நகத்தால் விளிம்பை மெல்லத் தட்டினால் வைனில் மந்தமாகவும் ஸ்டைரீன் கலகலப்பாகவும் ஒலிக்கும். லேபிள் காகிதம் தட்டோடு அழுந்திப் பதியாமல் பசையால் ஒட்டப்பட்டதாகத் தெரிவதும் ஒரு அடையாளம். ஓட்டிக் காட்டாமல் விற்பவரிடம் அதை வாங்க வேண்டாம். அதே ஆண்டின் பிரிட்டன் பதிப்பு கிடைத்தால் அதை எடுத்துக்கொள்ளுங்கள், அவை பெரும்பாலும் வைனில்தான். புதிய ஊசி வந்ததும் அது தட்டை அழுத்தும் கனத்தைக் காட்ரிட்ஜ் நிறுவனம் குறிப்பிடும் எல்லையின் மேற்பாதியில் வைத்து, முதலில் சகோதரர்களின் தட்டில் இரண்டாம் பக்கத்தைக் கேட்டுப் பார்த்துவிட்டு எழுதுங்கள். பாடலின் கடைசி அரை நிமிடத்தில் கிடாரும் 'ஸ' ஒலிகளும் எப்படி வருகின்றன என்பதை அறிய நானும் ஆவலாக இருக்கிறேன்.